கடினமாகப் பயிற்சி செய்தும் பலம் ஏறவில்லையா? புதிதாக எடை தூக்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஜிம்மில் சேர்ந்த மூன்றாவது மாதம் என் பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுவது) 50 கிலோவில் நின்றுவிட்டது. வாரம் மூன்று நாள் போய்க்கொண்டிருந்ததை நான்காக்கினேன், அப்புறம் ஐந்தாக்கினேன், நெஞ்சுக்கு மட்டும் ஒரே நாளில் பதினெட்டு செட் (நிறுத்தாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்று ஒரு செட்) போட்டேன். எட்டு தடவை தூக்கிய 50 கிலோவை ஆறு தடவைதான் தூக்க முடிந்தது. அந்தச் சமயத்தில் பொங்கல் வந்தது. ஊருக்குப் போனவன் பத்து நாள் தங்கிவிட்டேன், ஒரு டம்பெல்லைக்கூடத் தொடவில்லை, மூன்று வேளையும் வயிறாரச் சாப்பாடு, மதியம் திண்ணையில் தூக்கம். திரும்பி வந்த முதல் நாளே 52.5 கிலோ எட்டு தடவை போனது. பத்து நாளில் புதிதாகத் தசை முளைத்துவிடவில்லை. ஏற்கெனவே ஏறியிருந்த பலத்தைச் சோர்வு மூடி வைத்திருந்தது, அது விலகியதும் பலம் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

எந்தத் தசைக்கு எந்தப் பயிற்சி என்று சொல்லித்தர ஆள் நிறைய இருக்கிறார்கள். செய்த பயிற்சியிலிருந்து உடம்பு எப்படித் தேறுகிறது, அதை எது கெடுக்கிறது என்று புதிதாக வருபவரிடம் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அடுத்த தடவை வருவதற்குள் உங்கள் உடம்பு எவ்வளவிலிருந்து தேறிவிடுமோ, அவ்வளவுதான் இன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டிய பயிற்சி. அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கே மாதத்துக்கு மாதம் மாறும், அதைக் கண்டுபிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதுதான் முழு வேலையும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

எடை தூக்கும்போது தசைக்குக் கிடைப்பது ஒரு தூண்டுதல் மட்டும், வேலை அப்புறம்தான் தொடங்குகிறது. 1995-இல் கனடாவில் ஆறு இளைஞர்களின் கைத்தசையில் புதிய புரதம் உருவாகும் வேகத்தை அளந்து பார்த்தார்கள். கடுமையான ஒரே ஒரு பயிற்சிக்குப் பிறகு நான்காவது மணி நேரத்தில் அந்த வேகம் 50 சதவீதம் கூடியிருந்தது, 24 மணி நேரத்தில் இரண்டு மடங்குக்கும் மேலே போனது, 36 மணி நேரத்தில் கிட்டத்தட்டப் பழைய நிலைக்கு வந்தது. புதிதாகத் தொடங்கியவருக்கு இது இரண்டு நாள் வரை நீளும். திங்கட்கிழமை மாலை நீங்கள் செய்த ஸ்குவாட்டுக்கான (எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) கட்டுமான வேலை செவ்வாய்க்கிழமை நீங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போதும், இரவு தூங்கும்போதும் நடந்துகொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் அதற்கு வேண்டியது சாப்பாடும் தூக்கமும்தான், இன்னொரு பத்து செட் ஸ்குவாட் இல்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு, எட்டு வாரத்தில் நீங்கள் தூக்கும் எடை வேகமாக ஏறும், ஆனால் கண்ணாடியில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் பழகிக்கொண்டிருப்பது நரம்புகள். இருக்கிற தசை நார்களை இன்னும் அதிகமாக, இன்னும் ஒழுங்காக வேலை வாங்கக் கற்றுக்கொள்கின்றன. "பலம் வருது, உடம்பு ஏறல" என்று பயந்துபோய் இந்த இடத்தில்தான் பலர் பயிற்சியை இரட்டிப்பாக்குகிறார்கள். வேண்டாம், வரிசைப்படிதான் எல்லாம் நடக்கிறது.

படி 1: ஒரு நோட்டு வாங்குங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும், போனில் எழுதினாலும் சரி. தேதி, என்ன பயிற்சி, எத்தனை கிலோ, எத்தனை தடவை, முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அன்றைக்கு உடம்பு எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை. கூடவே ஒவ்வொரு செட் முடிவிலும் "இன்னும் எத்தனை தடவை தூக்கியிருக்க முடியும்" என்ற எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் அந்த எண் தப்பாகத்தான் வரும், போகப் போகச் சரியாகும். இந்த நோட்டு இல்லாமல் கீழே சொல்லப்போகிற எதையும் நீங்கள் சரிபார்க்க முடியாது. தேறுகிறோமா இல்லையா என்பது உணர்வில் பிடிபடாது, எண்ணில்தான் பிடிபடும்.

படி 2: குறைவாகத் தொடங்குங்கள்

நான் சேர்ந்த முதல் ஜிம்மில் முதல் நாளே கைக்கு மட்டும் பதினாறு செட் கொடுத்தார்கள். அடுத்த மூன்று நாள் தலை சீவக் கை போகவில்லை. என்னோடு சேர்ந்த நாலு பேரில் இரண்டு பேர் அந்த வாரமே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்வது நியாயமே இல்லை, அவர்களுக்குக் கொடுத்த அளவுதான் தப்பு.

வாரம் மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள், திங்கள், புதன், வெள்ளி என்று நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டு. ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும்: கீழே உட்கார்ந்து எழுகிற மாதிரி ஒன்று (ஸ்குவாட் அல்லது பஸ்கி), தள்ளுகிற மாதிரி ஒன்று (பெஞ்ச் பிரஸ் அல்லது தண்டால்), இழுக்கிற மாதிரி ஒன்று (ரோயிங் அல்லது புல்-அப்), இடுப்பை மடக்கித் தரையிலிருந்து தூக்குகிற மாதிரி ஒன்று (டெட்லிஃப்ட்). வீட்டில் செய்பவருக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் நல்ல கருவி, நிறைத்தால் 20 கிலோ, பாதி நிறைத்தால் 10. முதல் வாரம் ஒவ்வொன்றிலும் இரண்டே செட், செட்டுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை. இரண்டாவது வாரத்திலிருந்து மூன்று செட். ஒரு தசைக்கு வாரத்தில் ஒன்பது பத்து செட் ஆகிவிடும், முதல் ஆறு மாதத்துக்கு அதற்கு மேல் தேவையே இல்லை.

ஒவ்வொரு செட்டையும் இன்னும் இரண்டு மூன்று தடவை தூக்க முடியும் என்கிற நிலையில் நிறுத்துங்கள். இனி ஒரு தடவைகூட முடியாது என்கிற வரை போய் நிறுத்தினால் கூடுதலாகக் கிடைக்கும் பலன் கொஞ்சம், அதிலிருந்து தேற ஆகும் நாள் அதிகம். செட்டுக்கும் செட்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று நிமிடம் உட்காருங்கள். வேர்த்துக் கொட்ட, மூச்சு வாங்க, ஒரு நிமிட இடைவெளியில் அடுத்தடுத்துச் செய்வதுதான் கடின உழைப்பு என்று ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படிச் செய்தால் அடுத்த செட்டில் தூக்கும் எடை குறைகிறது. 2016-இல் ஒரு நிமிட இடைவெளியையும் மூன்று நிமிட இடைவெளியையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்விலும் பலம் அதிகம் ஏறியது மூன்று நிமிடம் உட்கார்ந்தவர்களுக்குத்தான்.

எல்லா செட்டிலும் பன்னிரண்டு தடவை சுலபமாகப் போகிற நாள் வந்தால் அடுத்த தடவை 2.5 கிலோ கூட்டுங்கள். பக்கத்துக்கு 1.25 கிலோ தட்டு. கை, தோள் பயிற்சிகளில் அதுகூட அதிகமாகத் தோன்றும், அப்போது எடையை விட்டுவிட்டு ஒரு தடவையைக் கூட்டினால் போதும். தசை வேகமாகப் பழகும், தசைநாணும் மூட்டும் மெதுவாகத்தான் பழகும். முதல் வருடத்து முழங்கை வலி, முழங்கால் வலி பலவும் இந்த அவசரத்தில் வருபவை.

மூன்று செட் போதுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு பழைய கதை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் சிகாகோவில் காயம்பட்ட வீரர்களுக்குக் கனமான எடை கொடுத்து, படிப்படியாக அதைக் கூட்டி, கால் பலத்தை மீட்டார். அதுவரை லேசான பயிற்சியைத்தான் நீண்ட நேரம் செய்ய வைத்துக்கொண்டிருந்தார்கள். 1945-இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு பயிற்சிக்கு ஏழு செட், பத்து செட் வரை இருந்தது. மூன்று வருடம் கழித்து அவரே அதை மூன்று செட்டாகக் குறைத்துவிட்டார்: முதல் செட் பாதி எடையில், இரண்டாவது முக்கால் எடையில், மூன்றாவது முழு எடையில். இந்த முறையை உலகத்துக்குக் கொடுத்தவரே அனுபவத்தில் கற்றுக்கொண்டது, மிச்சமிருந்த செட்டுகள் ஆளைக் களைப்பாக்கியதோடு சரி என்பதைத்தான்.

படி 3: வலியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பயிற்சி செய்த மறுநாள், அதற்கு மறுநாள் வருகிற வலிக்கும் லாக்டிக் அமிலத்துக்கும் சம்பந்தம் இல்லை. செட்டின்போது சேரும் லாக்டேட் ஒரு மணி நேரம் போல ஆனால் ரத்தத்திலிருந்து போய்விடும். இரண்டாம் நாள் வலிக்குக் காரணம் தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும்போது நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியும். எடையை மேலே தூக்குவதைவிடக் கீழே இறக்குவதுதான் அதிகம் வலி தருவது இதனால்தான். மலை ஏறின அன்றைக்குவிட இறங்கின மறுநாள் தொடை கடுப்பதும் இதே கணக்கு. வலி பெரும்பாலும் 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானே அடங்கும்.

அதே பயிற்சியை ஒரு வாரம் கழித்து அதே அளவு செய்து பாருங்கள், வலி பாதியாகியிருக்கும். தசை ஒரு தடவை பட்டதை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. ஆகையால் வலி வரவில்லை என்றால் பயிற்சி வீண் என்று நினைக்காதீர்கள். வலி சொல்வதெல்லாம் செய்தது உடம்புக்குப் புதிது என்பதை மட்டும். லேசான வலியோடு அடுத்த பயிற்சிக்குப் போகலாம், இரண்டு செட் லேசாகச் செய்ததும் இளகிவிடும். உட்கார்ந்து எழ முடியாத வலி என்றால் அந்தத் தசைக்கு இன்னொரு நாள் கொடுங்கள். மூட்டில், ஒரே புள்ளியில், குத்துகிற மாதிரி வலித்தால் அது வேறு விஷயம், அந்த அசைவை அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். புதிதாக வந்தவர், அல்லது ரொம்ப நாள் விட்டுத் திரும்பியவர், முதல் நாளே நூற்றுக்கணக்கில் பஸ்கியோ தண்டாலோ எடுத்தபின் சிறுநீர் பால் சேர்க்காத கடுங்காபி நிறத்தில் போனால், தசை வீங்கிக் கல் மாதிரி ஆனால், கையை மடக்கவே முடியாத அளவு வலித்தால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தசை நார்கள் பெருமளவில் சிதைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். தண்ணீர் குடித்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடிய விஷயம் இல்லை.

படி 4: தூக்கத்தைப் பயிற்சியின் பாதியாக எண்ணுங்கள்

எல்லாவற்றிலும் பெரியது இதுதான் என்பது என் தீர்மானமான கருத்து, காசு செலவில்லாததும் இதுதான். பெரியவர்களுக்கு ஏழிலிருந்து ஒன்பது மணி நேரம். வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது முன்னிரவின் ஆழ்ந்த தூக்கத்தில். 2021-இல் ஆஸ்திரேலியாவில் இளைஞர்களையும் இளம்பெண்களையும் ஒரே ஒரு இரவு முழுக்க விழிக்க வைத்து அளந்தபோது தசையில் புதிய புரதம் உருவாவது 18 சதவீதம் குறைந்திருந்தது. ஒரே இரவுக்கே இப்படி என்றால் தினமும் ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு வாரத்தில் ஐந்து நாள் எடை தூக்குபவர் தன் உழைப்பில் எவ்வளவை வீணாக்குகிறார் என்று யோசியுங்கள்.

உடம்பு இளைக்க வேண்டும் என்று வந்தவர்களுக்கும் இது பொருந்தும். 2010-இல் சிகாகோவில் பத்து பேருக்கு ஒரே அளவு குறைந்த சாப்பாடு கொடுத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்கவைத்தார்கள். இரண்டு முறையும் எடை ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது, மூன்று கிலோ போல. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான் கொழுப்பு, மிச்சம் போனது கொழுப்பில்லாத பகுதி. தராசில் ஒரே எண்தான் காட்டும்.

நம் ஊர் வீடுகளில் எட்டு மணி நேரம் தூங்கு என்று சொல்வது சுலபம், வெக்கையும் கொசுவும் பக்கத்து வீட்டு டிவியும் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். முடிந்ததைச் செய்யலாம். மாலை நாலு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். குடித்த கஃபீனில் பாதி உடம்பிலிருந்து போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இரவு ஒன்பது மணிக்கு ஜிம் போய்ப் பத்தரைக்குத் திரும்பித் தூக்கம் வராமல் புரள்பவர்கள் காலைக்கு மாற்றிப் பாருங்கள், ஆனால் அதற்காக நாலு மணிக்கு எழுந்து தூக்கத்தை வெட்டாதீர்கள், அதற்கு இரவு ஜிம்மே மேல். படுக்கும் முன் குளித்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே, கொசுவலை கட்டி, போனைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் படுங்கள். இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் பகலில் ஜன்னலுக்குக் கனமான துணி போட்டு இருட்டாக்கிக்கொண்டு தூங்க வேண்டும், ஷிப்ட் மாறுகிற வாரத்தில் செட்டைப் பாதியாக்க வேண்டும். மதியம் இருபது முப்பது நிமிடம் கண்ணயர முடிந்தால் தயங்காமல் அயருங்கள்.

படி 5: தட்டில் என்ன இருக்கிறது என்று கணக்குப் பாருங்கள்

சாதாரணமாக ஒருவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. எடை தூக்குபவருக்கு அது போதாது. 2018-இல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பலன் கூடியது, அதற்கு மேல் சாப்பிட்டுப் பெரிய லாபம் இல்லை. 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவு தோசை என்று சாப்பிடும் ஒருவர் ஒரு நாளைக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் நாற்பது, ஐம்பதில் நிற்பார். ஒரு இட்லியில் இரண்டு கிராம் போலத்தான் இருக்கிறது, சட்னியைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். ஆனால் சமையலறையை மாற்ற வேண்டியதில்லை, அளவை மாற்றினால் போதும். சைவச் சாப்பாட்டிலேயே ஒரு நாளைப் போட்டுப் பார்ப்போம், எல்லாம் சமைக்கும் முன் எடையில்: சாதம், இட்லி, தோசையிலிருந்து மொத்தமாக 20 கிராம் புரதம், சாம்பார், கூட்டு, பொரியலுக்குத் துவரையும் பாசிப்பருப்புமாக 50 கிராம் என்றால் 11, மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் 10, மீல் மேக்கர் 40 கிராம் என்றால் 20, பால் அரை லிட்டர், 16, தயிர் ஒரு பெரிய கிண்ணம், 6, வேர்க்கடலை ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே, 40 கிராம், அதில் 10. கூட்டினால் 93. முட்டை சாப்பிடுபவருக்கு நாலு முட்டையில் 24 வந்துவிடும், மீல் மேக்கர் வேண்டாம். மத்தி, அயிலை மாதிரி மீன் 150 கிராம் சாப்பிட்டால் 30 கிராம் பக்கம், கோழியின் நெஞ்சுக்கறி சமைத்தபின் 100 கிராமில் ஏறக்குறைய 30. விலை குறைந்த மீன் எதுவும் இந்தக் கணக்கில் விலை அதிகமான மீனுக்குக் குறைந்ததில்லை.

புரதத்தை ஒரே வேளையில் அடைக்காமல் மூன்று நான்கு வேளையாகப் பிரியுங்கள், வேளைக்கு 20 முதல் 40 கிராம். பயிற்சி முடிந்து அரை மணிக்குள் குடித்தாக வேண்டும் என்று ஓட வேண்டாம், முன்னும் பின்னும் சில மணி நேரத்துக்குள் ஒரு நல்ல சாப்பாடு இருந்தால் சரி. வே புரோட்டீன் பாலிலிருந்து எடுப்பது, வசதிக்காக வாங்கலாம், வாங்காவிட்டால் நஷ்டம் இல்லை.

சோற்றை வெட்டாதீர்கள். ஜிம் சேர்ந்த அன்றே சாதத்தை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. கடினமான செட்டுக்கு எரிபொருள் தசையில் சேமித்த கிளைகோஜன், அது வருவது சோற்றிலிருந்தும் கிழங்கிலிருந்தும் பழத்திலிருந்தும்தான். இளைக்க வேண்டுமென்றால் கொஞ்சம் குறையுங்கள், வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் இறங்காதபடி.

பொடிகளில் பலன் மிகத் தெளிவாக நிரூபணமானது கிரியேட்டின் மோனோஹைட்ரேட், நாளுக்கு 3 முதல் 5 கிராம், எந்த நேரத்திலும். தசைக்குள் நீர் சேர்ந்து எடை ஒன்றிரண்டு கிலோ ஏறும், பயப்பட வேண்டாம். எப்போதும் களைப்பாக இருக்கும் பெண்கள் பொடி வாங்கும் முன் ஹீமோகுளோபின் பரிசோதித்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அதை வைத்துக்கொண்டு எத்தனை செட் போட்டாலும் உடம்பு தேறாது.

படி 6: வெக்கையையும் கணக்கில் சேருங்கள்

மே மாதத்தில் ஏசி இல்லாத ஜிம்மில் பயிற்சி செய்பவருக்குத் தண்ணீர் பெரிய விஷயம். ஒரு நாள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அதாவது 60 கிலோ ஆளுக்கு 1.2 கிலோ, செயல்திறன் இறங்கத் தொடங்கிவிடும். வெறும் தண்ணீரோடு நிறுத்தாமல் உப்புப் போட்ட மோர் குடியுங்கள், வியர்வையில் போன சோடியமும் திரும்ப வேண்டும்.

படி 7: ஜிம்முக்கு வெளியே இருக்கும் சுமை

நாள் முழுக்க மூட்டை தூக்குபவர், சாரத்தில் நிற்பவர், வண்டியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர், இவர்களுக்கும் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே அட்டவணை கொடுப்பது தப்பு. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் வெயிலில் கிரிக்கெட் ஆடினால் அதுவும் கால் பயிற்சிதான், திங்கட்கிழமை ஸ்குவாட்டை ஒரு செட் குறைத்துக்கொள்ளுங்கள்.

மனச்சுமையும் தேறும் சக்தியை இதே பையிலிருந்துதான் எடுக்கிறது. வாழ்க்கையில் நெருக்கடி அதிகமாக இருக்கும் மாணவர்களுக்கு ஒரே பயிற்சியில் பலம் குறைவாக ஏறுவதையும், கடும் பயிற்சிக்குப் பிறகு அவர்கள் தேற அதிக நாள் ஆவதையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். தேர்வு நேரம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாத நேரம், வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கிற மாதம், இவற்றில் எடையைக் கூட்டும் ஆசையைத் தள்ளிப்போடுங்கள். பயிற்சியை விட வேண்டாம், ஒவ்வொன்றிலும் ஒரு செட், இரண்டு செட் என்று வைத்துக்கொண்டால் இருக்கிற பலம் போகாது. காய்ச்சல் என்றால் மட்டும் முழு ஓய்வு.

எதற்குக் காசும் நேரமும் கொடுக்க வேண்டாம்

ஐஸ் குளியல் இப்போது எல்லோர் வீடியோவிலும் இருக்கிறது. 2015-இல் வெளியான ஒரு ஆய்வில் மூன்று மாதம், ஒவ்வொரு எடைப்பயிற்சிக்குப் பிறகும் 10 டிகிரி தண்ணீரில் பத்து நிமிடம் உட்கார்ந்தவர்களுக்கு, லேசாக சைக்கிள் மிதித்தவர்களைவிடத் தசையும் பலமும் குறைவாகவே ஏறின. வலி குறையலாம், ஆனால் நாம் எதற்காக உழைத்தோமோ அதையும் சேர்த்துக் குளிர் அணைத்துவிடுகிறது. அடுத்தடுத்த நாள் போட்டி இருக்கும் விளையாட்டு வீரருக்கு அது வேறு கணக்கு, நமக்கு வேண்டாம்.

வலி மாத்திரையைத் தினமும் போடுவதும் அப்படித்தான். எட்டு வாரம் தினமும் 1200 மில்லிகிராம் ஐபுபுரூஃபன் எடுத்துக்கொண்டு எடை தூக்கிய இளைஞர்களுக்குத் தொடைத்தசை வளர்ச்சி குறைந்ததை 2018-இல் சுவீடனில் பார்த்தார்கள், வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் வரும் கெடுதல் தனி. தசையை இழுத்து நீட்டிக்கொள்வது நல்லதுதான், மறுநாள் வலியை மட்டும் அது பெரிதாகக் குறைக்காது. மசாஜ் சுகமாக இருக்கும், இருக்கட்டும். மது தசைக் கட்டுமானத்தை நேரடியாகத் தடுக்கிறது. பயிற்சிக்குப் பின் நிறையக் குடித்தவர்களுக்குப் புரதம் கொடுத்தும்கூட 24 சதவீதம் குறைந்தது, அதோடு அன்றைய தூக்கமும் போகும்.

ஊசி. புதிதாக வந்த பையனிடம் மூன்றாவது மாதமே யாராவது ஸ்டீராய்டு பற்றிப் பேசுவார்கள். அப்படி வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஏற்றினால் உடம்பு தன்னுடையதைச் சுரப்பதை நிறுத்திக்கொள்கிறது, விரை சுருங்குகிறது, இதயத் தசை தடிக்கிறது, கெட்ட கொழுப்பு ஏறுகிறது. இயல்பாகவே மிக வேகமாகப் பலம் ஏறும் முதல் வருடத்தை வைத்துக்கொண்டு அதைத் தொடுவது பெரிய அநியாயம். வேண்டாம் தம்பி.

பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அளக்காதீர்கள்

2005-இல் வெளியான ஒரு ஆய்வில் 585 பேர் பன்னிரண்டு வாரம் ஒரே மாதிரி கைப்பயிற்சி செய்தார்கள். சிலருக்குக் கைத்தசை கொஞ்சம்கூட ஏறவில்லை, ஒருவருக்கு 59 சதவீதம் ஏறியது. பிறப்பிலேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது, ஆகையால் நண்பனுக்கு வேலை செய்த இருபது செட் உங்களுக்கும் வேலை செய்யும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வயதைக் காரணம் சொல்ல மட்டும் நான் விடமாட்டேன். 1990-இல் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையுள்ளவர்கள் எட்டு வாரம் எடைப்பயிற்சி செய்தபோது கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஐம்பது வயதுக்கு மேல் தொடங்குபவர் புரதத்தை இன்னும் கவனித்து, வாரம் இரண்டு நாளில் தொடங்கினால் போதும்.

நின்றுவிட்டால் என்ன செய்வது

ஒரு நாள் எடை போகவில்லை என்றால் அது ஒன்றுமே இல்லை. இரண்டு வாரம் தொடர்ந்து நோட்டில் எண் இறங்கினால், அல்லது எப்போதும் சுலபமாகப் போகும் முதல் செட்டே கனமாகத் தெரிந்தால், ஜிம்முக்குப் போகவே மனம் வராமல் சிடுசிடுப்பாக இருந்தால், நோட்டை எடுத்து இந்த வரிசையில் பாருங்கள். தூக்கம் ஏழு மணி நேரம் இருந்ததா? சாப்பாடு குறைந்ததா, எடை இறங்கியதா? வீட்டிலோ வேலையிலோ புதிய சுமை வந்ததா? இவற்றில் ஒன்று கிடைத்தால் அதைச் சரிசெய்யுங்கள், பயிற்சியில் கை வைக்க வேண்டாம். மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் பயிற்சியைப் பாருங்கள், அப்போதும் முதலில் குறைத்துப் பாருங்கள்.

குறைப்பது எப்படி என்றால், ஒரு வாரம் அதே பயிற்சிகள், அதே நாட்கள், செட் பாதி, எடையில் பத்து சதவீதம் கம்மி. வியர்க்காமல் வீடு திரும்பும் அந்த வாரம் ஏதோ தப்புச் செய்கிற மாதிரி இருக்கும், இருந்தாலும் முழுசாகச் செய்யுங்கள். அடுத்த வாரம் பழைய எடைக்குத் திரும்பும்போது அது லேசாகத் தெரிந்தால் சோர்வுதான் காரணமாக இருந்திருக்கிறது. அப்படியும் நகரவில்லை என்றால், அப்போதுதான் அந்தத் தசைக்கு வாரத்துக்கு இரண்டு செட் கூட்டி ஒரு மாதம் பார்க்க வேண்டும். லேசான வாரத்தையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள், எத்தனை வாரத்துக்கு ஒரு தடவை உங்கள் உடம்பு இதைக் கேட்கிறது என்பது மூன்று நான்கு தடவை எழுதினபின் அந்தத் தேதிகளிலிருந்தே தெரிந்துவிடும். எனக்கு அது ஏழு வாரம்.